டெய்வி ஆற்றின் எந்தக் கரையில்

அன்பு மகன் கெதினுக்கு,

அம்மா எழுதுவது. நீ அந்த நியூசிலாந்து மண்ணில் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் இங்கே எங்கள் தினசரி ஜெபம். நான் சுகம். அப்பா சாப்பிடுகிற சாப்பாட்டைப் பார்த்தால் அவரும் சுகம்தான், நெஞ்சுக்குள்தான் கோளாறு. அடுத்த மாதம் ஸ்வான்சியில் ஆபரேஷன் என்று போனில் சொன்னேன் அல்லவா, அதில் மாற்றம் இல்லை. போனில் பேசும்போது அப்பா பக்கத்திலேயே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், அதனால்தான் இந்தக் கடிதம். மழை விட்டபாடில்லை, ஆறு கீழ்த்தோட்டம் வரை வந்து உருளைக்கிழங்கைக் கொண்டுபோய்விட்டது. ஆடுகளுக்கு ரோமம் கத்தரிக்கிறேன் என்று முதுகை ஒடித்துக்கொள்ளாதே, ஆடுகளுக்கு ஒன்றும் அவசரமில்லை.

எங்கள் பழைய சண்டைதான் உனக்குத் தெரியுமே. அப்பாவுக்குச் சொந்த ஊர் லான்டிசில், எனக்கு எதிர்க்கரை பொன்ட்-டுவெலி. நடுவில் ஒரு பாலம்தான், ஆனால் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் அவருக்கு அக்கரைக்காரி, அவர் கரைக்காரர்களுக்கே உள்ள பட்டப்பெயரில் அவர் எனக்குக் கஞ்சன். ஊரில் யாரை அடக்கம் செய்துவிட்டு வந்தாலும், நாம் எந்தக் கரையில் படுப்பது என்று அன்று சாப்பாடு முடியும்வரை வாக்குவாதம் நடக்கும். அவருக்கு அவர் அப்பாவின் பக்கத்தில், எனக்கு என் அம்மாவின் பக்கத்தில். டாக்டர் அப்பாவின் நெஞ்சை எடுத்த படத்தைக் காட்டிப் பேசிய பிறகு எனக்குச் சண்டை போடத் தெம்பில்லை. அவருக்குத் தெரியாமல், சவப்பெட்டி செய்து அடக்கத்துக்கு இடமும் பார்த்துத் தருகிற நம் பெட்டி வில்லிடம் போய் லான்டிசிலிலேயே எங்கள் இருவருக்கும் இடம் பார்க்கச் சொல்லிவிட்டு வந்தேன்.

சனிக்கிழமை மழை கொஞ்சம் அடங்கியதும், ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் கெனார்த் அருவியில் சால்மன் மீன் நீரை எதிர்த்துத் தாவி ஏறுவதைப் பார்த்தே ஆக வேண்டும் என்று அப்பா ஒற்றைக்காலில் நின்றார். ஹென்லான் பாலம் வரை நான் கார் ஓட்டுவதைக் குறை சொல்லிக்கொண்டே வந்தார். நியூகாசில் எம்லினில் டீ குடிக்க இறங்கினால், கடையில் பெட்டி வில். இரண்டு கரைக்கும் சவப்பெட்டி செய்கிறவரைக் கண்டால் அப்பா எப்போதும் முகத்தைத் திருப்பிக்கொள்வார், ஆனால் வில் விடவில்லை. கடை முழுக்கக் கேட்கும்படி, ‘ஏம்ப்பா எல்வெட், புருசனும் பொண்டாட்டியும் என்னை வெச்சு வெளையாடறீங்களா? போன மாசம் நீ வந்து பொன்ட்-டுவெலில ரெண்டு பேருக்கும் எடம் கேட்ட. இந்த மாசம் மெய்னிர் வந்து லான்டிசில்ல ரெண்டு பேருக்கும் எடம் கேக்கறா. நாலு குழில மாறி மாறிப் படுப்பீங்களா?’ என்று கேட்டாரே பார்க்கலாம். கடையே சிரித்தது. நாங்கள் டீயைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினோம்.

நேராகக் கெனார்த்துக்கு ஓட்டினேன். அருவியோரப் பெஞ்சில் உட்கார்ந்தோம். ஒரு மீன் தாவித் தாவிப் பின்னால் விழுந்துகொண்டே இருந்தது, அப்பா சின்னப் பையனைப் போல ‘விடாதடா, இன்னொரு தடவ’ என்று அதற்குச் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு தண்ணீரைப் பார்த்தபடியே, ‘ஒரு தடவ எனக்காக நீ பாலத்தத் தாண்டி வந்த. உங்கம்மா அன்னிக்கு அழுதது எனக்கு மறக்கல. இந்தத் தடவ நான் தாண்டி வர்றேன்’ என்றார். இத்தனை வருஷத்தில் இந்த மனிதர் எனக்கு ஒரு பூ வாங்கித் தந்ததில்லை கெதின், நான் வாய்விட்டு அழுதேன். மீன் ஏறியதா என்று இருவருமே பார்க்கவில்லை. வீட்டுக்கு வரும் வழியில், ரெண்டு எடத்துக்கும் காசு தர முடியாது, ஒண்ண வேணாம்னு சொல்லிடு என்றார், பழைய ஆள் திரும்பிவிட்டார்.

பயமாக இருக்கிறது என்று அவர் உன்னிடம் சொல்ல மாட்டார். ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் நீ போன் செய்து மீனைப் பற்றிக் கேள், இடத்தைப் பற்றி மூச்சு விடாதே. ஆண்டவர் உன்னைத் தன் கைக்குள் வைத்துக் காப்பாற்றட்டும். பெட்டி வில்லிடம் நான் இன்னும் எந்த இடத்தையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்தச் சண்டை பாக்கியிருக்கிறது, அதைப் போட அப்பா வீட்டுக்குத் திரும்பி வர வேண்டும்.

என்றும் உன்னை நினைத்திருக்கும்
அம்மா மெய்னிர்