நான்கு மலர்களின் உயரம்

ஜூன் 2, திங்கள்

மழை. காலை ஆறு பன்னிரண்டுக்குப் புத்தகத்தின் மேல் ஏறி இருப்பதென்று தீர்மானிக்கப்பட்டது. ஏகமனதாக. கூட்டத்துக்கு வந்திருந்தவன் நான் ஒருவன்.

பின்னணி: 15ஆம் திகதி நித்தியாவின் கலியாணம். மகளைத் தாரைவார்க்கும் தகப்பன் முக்கால் மணித்தியாலம் நிலத்தில் சப்பாணி கட்டி இருக்க வேண்டும் என்கிறார் ஐயர். என் முழங்கால்கள் நான்கு நிமிடத்துக்கு மேல் உடன்படுவதில்லை. சம்பந்தி பரமசோதி போன மாதம் எல்லோருக்கும் முன்னால் கேட்டார்: "கதிரை ஒண்டு சொல்லட்டோ?" நாற்காலியெல்லாம் வேண்டாம் என்றேன், தேவைக்கு மேல் சத்தமாக.

வெள்ளவத்தையில் யோகா சொல்லித் தரும் பாமினியின் தீர்ப்பு: "அங்கிள், இடுப்பு உயர்ந்தால் முழங்கால் தானாக் கீழ போகும். அடியிலை ஏதும் வையுங்கோ. அது தோல்வி இல்லை."

அவள் தந்த நுரைப்பஞ்சுக் கட்டை என் அகலத்துக்குப் போதாது. ஒரு பக்கம் சரிகிறேன். தலையணை அமுங்குகிறது. ஆகவே புத்தகம்.

ஜூன் 3

மங்கைக்கு மனைவி என்ற முறையில் அறிவிக்கப்பட்டது.

"சரஸ்வதியிலையோ இருக்கப் போறீங்கள்? கால் பட்டாலே கண்ணிலை ஒத்துற ஆக்கள் நாங்கள்."

நியாயம். இலக்கியம் கூடாது. அகராதி கூடாது. சமையல் புத்தகத்தை அவளே தர மாட்டாள். கடைசியில் பழைய மாணவர் சங்கத்தின் ஆண்டு மலர்கள். பளபளத்த தாள், முந்நூறு பக்கம், அதில் இருநூறு வாழ்த்துச் செய்தி. ஒருவரும் வாசித்ததில்லை.

மங்கை யோசித்தாள். "மலரெண்டால் பரவாயில்லை."

நான்கு மலர். பழைய வேட்டிக் கரையால் இறுக்கிக் கட்டினேன். ஐந்தங்குலம். எல்லாவற்றிலும் தலைவர் உரை, அட்டையில் தலைவர் படம்: சம்பந்தி பரமசோதி. வேறு மலர் வீட்டில் இல்லை.

பதினொரு நிமிடம்.

ஜூன் 8, ஞாயிறு

இருபத்தாறு நிமிடம். மற்ற நேரம் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. பல்கனிக்கு ஐந்து தரம். கடல், ரயில், கடல். தையல்காரர் இன்னும் ரவிக்கை தரவில்லை. நித்தியா பெட்டி அடுக்குகிறாள், எடுக்கிறாள், அடுக்குகிறாள். 19ஆம் திகதி மெல்போர்னுக்குப் பயணம்.

நான் மலர்க்கட்டின் மேல் இருக்க, பக்கத்தில் வந்து நிலத்தில் இருந்தாள். தோளும் தோளும் ஒரே மட்டம்.

"கதிரையிலை இருந்தீங்களெண்டால் நான் அண்ணாந்து பார்க்க வேணும், அப்பா. இப்பிடியே இருங்கோ."

மலர்க்கட்டில் ஒருவரும் கை வைக்கக்கூடாதென்று வீட்டில் உத்தரவு.

ஜூன் 13, வெள்ளி

காலை: நாற்பத்தைந்து நிமிடம். பாமினிக்குத் தகவல் அனுப்பினேன். கைகூப்பும் படம் மூன்று வந்தது.

மாலை: சம்பந்தி, கூறைச்சேலைப் பெட்டியோடு, சொல்லாமல். கட்டு ஹோலின் நடுவில் பாயின் மேல். மேலே அவர் முகம், சற்றுக் கசங்கி.

"இது எங்கட மலரெல்லே?"

நான் வாய் திறக்குமுன் மங்கை: "கட்டிப் பத்திரமா வைச்சிருக்கிறார். எங்களைத் தொடவும் விடார்." ஒரு சொல்லும் பொய் இல்லை.

பரமசோதி குனிந்து தூக்கினார். கண் கலங்கிவிட்டது. "இந்த நாலு வருச மலரும் சங்கத்திலை இல்லை, சம்பந்தி. கறையான் திண்டிட்டுது. எத்தினை பேரிட்டைக் கேட்டனான். ஒருத்தரும் வைச்சிருக்கேல்லை."

தரமாட்டேன் என்று சொல்லக் காரணம் தேடினேன். சொல்லக்கூடிய காரணம் இருக்கவில்லை. நானே கார் வரை சுமந்து கொடுத்தேன்.

மங்கை: "நான் என்னத்தைச் சொல்லியிருக்க வேணும்? உங்கட முகத்திலை இருக்கிறாரெண்டோ?"

ஜூன் 14

மடித்த போர்வை: ஒன்பது நிமிடம். சுருட்டிய பாய்: ஆறு. மணைப்பலகை: கால் விறைத்தது. அகராதி, இரண்டு தொகுதி. மங்கை அலுமாரிக்கு முன்னால் நின்றாள்.

"அகராதியிலை இருந்தோ பிள்ளையைக் குடுக்கப் போறீங்கள்?"

பின்னேரம் மண்டபத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். கதிரை இருக்கிறதாம்.

ஜூன் 15, ஞாயிறு

மழை இல்லை. முகூர்த்தம் 10.20. என் கதிரைக்கு வெள்ளை உறை, பின்னால் சிவப்பு நாடா. மங்கை நிலத்தில். சம்பந்தி நிலத்தில். தாரைவார்ப்பின்போது நித்தியா என் மட்டத்துக்கு முழங்காலில் எழும்பி நின்று கையைத் தந்தாள்.