தரையைப் பார்த்தே நடந்த நாள்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் உன் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், முழங்காலுக்குக் கீழே உள்ளதை மட்டும் இதில் சேர்க்காதே. நீயும் அங்கே நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். வழக்கமாக இந்த இடத்தில் நான் வரிசையாகக் கேள்வி கேட்க ஆரம்பித்துவிடுவேன், இந்தக் கடிதத்தில் ஒன்றுகூடக் கேட்கப்போவதில்லை, காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் போனை எடுத்தால் என் வாய் சும்மா இருக்காது. கடிதம் என்றால் எழுதியதை அடித்துவிடலாம். இந்தப் பத்திக்கே இரண்டு தாள் கிழித்துப் போட்டாயிற்று.

அம்மாவுக்குப் போன வாரம் அறுபது முடிந்ததல்லவா, என்ன வேண்டும் கேள் என்றேன். கழுத்துக்கோ கைக்கோ ஏதாவது கேட்பாள் என்றுதான் நினைத்தேன். அவள், "ஆயுசு பூரா தனியா நடந்தீங்க, ஒரு நாள் என்கூட நடங்க" என்றாள். கடற்கரையில் தொடங்கி மலைகளைத் தாண்டி அறுநூறு கிலோமீட்டர் போகிறதே அந்த நடைபாதை, அதில் ஒரு நாள் தூரம் போதுமாம், ஒரு விடுதியிலிருந்து அடுத்த விடுதி வரைக்கும் இருபத்திரண்டு கிலோமீட்டர். எனக்குச் சிரிப்புதான் வந்தது. முப்பத்தொரு வருடம் தண்டவாளத்தின் மேல் தினமும் பன்னிரண்டு கிலோமீட்டர் நடந்து, கம்பியைச் சிலிப்பர் கட்டையோடு பிடிக்கிற கிளிப்புகளில் கழன்றதைத் தேடிச் சுத்தியலால் தட்டி இறுக்கினவனுக்கு இதெல்லாம் எம்மாத்திரம். காலையில் விடுதிக்காரர் வரைபடத்தை நீட்டினார், "வேண்டாங்க, அதான் பாதை இருக்குல்ல" என்று பெரிய மனுஷன் மாதிரி சொல்லிவிட்டேன். அவர் அதை மடித்து உள்ளே வைத்துக்கொண்டு, மரத்தில் மஞ்சள் பட்டை அடித்திருக்கும், ஒரு பட்டை என்றால் நேரே போங்கள், இரண்டு பட்டை என்றால் அங்கே பாதை திரும்புகிறது என்று மட்டும் சொன்னார்.

முதல் எட்டு கிலோமீட்டர் ராஜநடைதான். எனக்கு நடையே சிலிப்பர் கட்டைக்குச் சிலிப்பர் கட்டை வைத்துப் பழகின நடை, காட்டிலும் அப்படியேதான் கால் விழுந்தது, அம்மா பின்னாலிருந்து "ஏங்க இப்படிக் கொக்கு மாதிரி போறீங்க" என்று சிரித்துக்கொண்டே வந்தாள். நான் பத்தடி முன்னால், கண் தரையில். வேர் எங்கே தூக்கியிருக்கிறது, கல் எங்கே ஆடுகிறது, அதையே பார்த்துக்கொண்டு போனேன், ஆடின கல் ஒன்றைக் காலால் தள்ளிச் சரிசெய்யக்கூடச் செய்தேன், யார் சம்பளம் கொடுக்கிறார்கள் என்று தெரியவில்லை. மதியம் ரொட்டியும் அவித்த முட்டையும் தின்றுவிட்டு ஒரு மேடு ஏறினோம், மூச்சு வாங்கியது, ஏறி முடித்ததும் பாதை அகலமாக, லேசான இறக்கமாக வந்துவிட்டது. எனக்கு ஒரே சந்தோஷம், நடையை எட்டிப் போட்டேன். முக்கால் மணி நேரம் கழித்து வனக்காவலர் ஒருவர் மோட்டார் சைக்கிளில் எதிரே வந்து நிறுத்தினார், "எங்க போறீங்க? இது கல்குவாரி லாரி போற ரோடு" என்றார். மேட்டின் உச்சியிலேயே திரும்பியிருக்க வேண்டுமாம், மூன்று கிலோமீட்டர் தாண்டி வந்துவிட்டோமாம். மரத்தில் இரண்டு பட்டை கண்ணுக்கு நேரே இருக்குமே, பார்க்கவில்லையா என்று கேட்டார். அம்மா மெதுவாக, "நான் பார்த்தேன். சொன்னேன். நீங்கதான் பாதை நல்லா இருக்கு, பேசாம வான்னீங்க" என்றாள். யோசித்துப் பார்த்தால் சொல்லியிருக்கிறேன்தான்.

திரும்பி அந்த மூன்று கிலோமீட்டரும் ஏற்றம். பாதி வழியில் அம்மா ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டாள். ஷூவைக் கழற்றினால் இரண்டு குதிகாலிலும் தோல் உரிந்து சிவப்பாக இருக்கிறது, எப்போதிலிருந்து வலியோடு நடந்தாளோ தெரியாது. நான் என்ன செய்தேன் தெரியுமா, பக்கத்தில் நின்றுகொண்டு ஆரம்பித்தேன், சாக்ஸ் ரெண்டு ஜோடி போடச் சொன்னேனே போட்டியா, புது ஷூவை வீட்டிலேயே போட்டுப் பழகச் சொன்னேனே பழகினியா, தண்ணீர் எவ்வளவு குடித்தாய். இத்தனை வருடத்தில் என்னிடம் குரல் உயர்த்தாதவள், "வலிக்குதான்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றாள். காடே கேட்டிருக்கும். அப்புறம் குரலை இறக்கி, "இதனாலதான் பாப்பா உங்ககிட்ட எதையும் சொல்றதில்ல. அவ வேலையை விட்டு நாலு மாசம் ஆச்சு" என்றாள். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு நான் பென்ஷன்காரர்கள் சங்கத்துக்குப் போன பிறகுதான் நீ அம்மாவைக் கூப்பிடுவாய் என்பதும், "அப்பா பேசறதில்லம்மா, செக் பண்றார்" என்று நீ சொன்னதும் அங்கேதான் தெரிந்தது. அம்மா மேல் கோபித்துக்கொள்ளாதே. நான்கு மாதம் வாயைக் கட்டிக்கொண்டிருந்தவள், கால் வலியில் கொட்டிவிட்டாள்.

மீதித் தூரம் அவளை முன்னால் விட்டு நான் பின்னால் நடந்தேன். முதலில் கோபம்தான் வந்தது, உன் மேலும் அவள் மேலும். புதன்கிழமை தோறும் நான் கூப்பிட்டு வேலை எப்படிப் போகுது என்றால், நல்லா போகுதுப்பா என்பாய், நான்கு மாதத்தில் பதினாறு புதன்கிழமை, பதினாறு பொய் என்று மனத்துக்குள் பொருமிக்கொண்டே போனேன். அம்மா நொண்டிக்கொண்டே ஒவ்வொரு பட்டையையும் கையால் காட்டிக்கொண்டு போனாள். அதைப் பார்த்துக்கொண்டே வரும்போது கோபம் எங்கேயோ கழன்று விழுந்துவிட்டது. நான் கேட்கிற கேள்விக்கு வேறு என்ன பதில் சொல்ல முடியும் உன்னால். என் வேலை அப்படி, எல்லாம் சரியாக இருந்தால் நான் வாயைத் திறக்க வேண்டியதே இல்லை, திறந்தால் எங்கேயோ ஏதோ கழன்றிருக்கிறது, ரயிலை நிறுத்து என்று அர்த்தம். ஒன்றை நான் பார்க்காமல் விட்டு அதனால் யாருக்காவது ஏதாவது ஆகிவிடுமோ என்கிற பயத்தோடேயே முப்பத்தொரு வருடம் நடந்தேன். அந்தப் பயத்தை வீட்டுக்கும் கூட்டி வந்துவிட்டேன் பாப்பா. நீ கடல் தாண்டிப் போன பிறகு அது இன்னும் அதிகமானதே தவிரக் குறையவில்லை. அதைப் பாசம் என்று நானே பெயர் வைத்துக்கொண்டேன், உனக்கு அது விசாரணையாக இருந்திருக்கிறது.

வெளிச்சம் போவதற்குள் விடுதிக்கு வந்துவிட்டோம். கடைசி ஒரு கிலோமீட்டர் அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் வந்தாள். ஒரு வாளி வெந்நீர் வாங்கி அவள் காலை அதில் வைத்துவிட்டு, வலிக்குதா என்று கேட்டேன். இப்போதாவது கேட்டீர்களே என்றாள். அப்போதுதான் உன் புது வேலையைப் பற்றிச் சொன்னாள், நாய்களைக் குளிப்பாட்டி முடி வெட்டுகிற கடையாம், கன்றுக்குட்டி உயரத்துக்கு ஒரு நாய் வருமாம், குளிப்பாட்டி முடித்ததும் உடம்பைச் சிலுப்பி உன்னையும் சேர்த்துக் குளிப்பாட்டிவிடுமாம், இதை நீ சிரித்துச் சிரித்துச் சொன்னாயாம். அம்மாவும் சொல்லும்போதே சிரித்தாள். நீ போனில் சிரித்து நான் கடைசியாக எப்போது கேட்டேன் என்று யோசித்தேன், ஞாபகம் வரவில்லை. தண்ணீர் ஆறிவிட்டது என்று சொல்லி வாளியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டேன்.

எனக்கு இதில் முழுச் சம்மதம் என்று பொய் சொல்ல மாட்டேன். அவ்வளவு படித்துவிட்டு நாய்க்கு சோப்பு போடுகிறாளே என்று வயிற்றைப் பிசைகிறது. அது என் வயிறு, அதை நான் பார்த்துக்கொள்கிறேன். உன் வேலையை நீ பார்.

நீ நோய்நொடி இல்லாமல், மனம் நிறைந்து, நீண்ட நாள் வாழ வேண்டும். கடிதத்தின் முடிவில் ஏதாவது ஞாபகப்படுத்தாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது என்பது உனக்குத் தெரியும், நான்கு எழுதி நான்கையும் அடித்துவிட்டேன், ஒன்றே ஒன்று மட்டும் வைத்துக்கொள்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமையும் நான் பத்து மணிக்குச் சங்கத்துக்குப் போய்விடுவேன், அம்மாவிடம் ஆற அமரப் பேசு. பன்னிரண்டு மணிக்கு நான் வரும்போது நீ பேசி முடிக்காவிட்டால் அவசரப்பட்டு வைத்துவிடாதே. நான் வாசலிலேயே நிற்கிறேன். நீ கூப்பிடச் சொன்னால் உள்ளே வருகிறேன்.

என்றும் உன் நலம் நாடும்
அப்பா