உப்பு ஏறாத தோட்டம்

நானா,

உங்கள் தோட்டத்தில் வெங்காயம் கிண்டி எடுக்கத் தொடங்கிவிட்டார்கள். காலையில் நான் வலை காயப்போட்டுக்கொண்டு நிற்கும்போதே வாசனை கரைக்கு வந்துவிட்டது. மத்தியானம் உங்கள் மகள் ஒரு பிடி வெங்காயம் அனுப்பியிருந்தாள், தாளோடும் மண்ணோடும். மனைவி அதைக் கழுவப் போனாள். கொஞ்சம் பொறு என்று வாங்கி முகர்ந்து பார்த்தேன். அழுகை வந்தது. பழியை வெங்காயத்தின்மேல் போட்டுவிட்டேன்.

இந்த வாசனையே இல்லாமல் போகவிருந்தது. ஒரு கம்பனி இறால் பண்ணை போட உங்கள் தோட்டத்தைக் கேட்டது. அது அரசாங்கம் பயிர் செய்யத் தந்த பெர்மிட் காணி. பயிர் செய்யாமல் போட்டுவைத்தால் அரசாங்கம் திருப்பி எடுத்து வேறு ஆளுக்குக் கொடுக்கலாம். நீங்கள் நெஞ்சு வருத்தத்தில் படுத்திருந்த ஒரு போகம் தோட்டம் சும்மா கிடந்தது உண்மைதான். அதைப் பிடித்துக்கொண்டு, காணி பல வருடமாகத் தரிசு என்று காணிக் கந்தோர் அதிகாரிகளிடம் சாட்சி சொல்லிவிட்டார், கம்பனிக்குக் காணி பிடித்துக் கொடுக்கும் உங்கள் ஊர்த் தரகர். உங்களோடு ஒரே பள்ளியில் தொழுகிறவர்.

கரையில் எங்கே தோண்டினாலும் உப்புத்தான். எங்கள் ஆட்கள் எல்லாரும் குடித்து வளர்ந்தது உங்கள் கிணற்றுத் தண்ணீர். அதற்குப் பக்கத்தில் இறால் குளம் வெட்டினால் கிணறு உவர்த்துப் போகும். அதனால் மாதா கோயில் ஆட்களும் பள்ளி ஆட்களும் ஒன்றாகச் சந்தியில் பதாகை பிடித்தோம். எல்லாரிலும் பெரிய தொண்டை எனக்கு. கம்பனியை விட்டுவிட்டு நான் தரகரைத்தான் ஏசினேன். அவருடைய மோட்டார் சைக்கிள் போகும்போதெல்லாம் கூவினோம். அவர் தலையைக் குனிந்துகொண்டு போவார். எனக்குப் பெரிய சந்தோஷம்.

நீங்கள் எழும்பி நடமாடத் தொடங்கியதும் இரண்டு ஊரும் சேர்ந்து வெங்காயம் நட்டது. கிண்டி முடிந்ததும், காணி யாருக்கு என்று கந்தோரில் நடக்கவிருந்த விசாரணைக்கு முந்திய கிழமை, தோட்டத்தில் சாப்பாடு கொடுத்தீர்கள். போகத்துக்குப் போகம் ஊரைக் கூப்பிட்டு நீங்கள் கொடுக்கிறதுதான். சஹன் சாப்பாடு, பெரிய தட்டில் சோற்றைக் குவித்து ஆறு பேர் சுற்றியிருந்து உண்பது. எனக்கு அதுதான் முதல் தடவை. வழக்கம்போலத் தரகருக்கும் சொல்லியனுப்பியிருந்தீர்கள். எனக்குத் தலைக்கு மேல் கோபம்.

“அந்தாள் இருக்கிற இடத்தில நான் இருக்கமாட்டன், நானா.”

“அப்ப எங்கட சஹன்லயே இரிங்க தம்பி,” என்று என்னைப் பிடித்து அவருக்கு நேரெதிரே இருத்தினீர்கள்.

நான் அள்ளி விழுங்கிவிட்டு எழும்பப் பார்த்தேன். சஹனில் கை வைத்தால் எல்லாரும் முடிக்கும்வரை இருக்க வேண்டும் என்பது எனக்கு எப்படித் தெரியும்? “தம்பி, அவர் இன்னும் திண்டு முடியல்ல,” என்றீர்கள். அந்த மனிதருக்கோ சோறு இறங்கவேயில்லை. நீங்கள் காணியைப் பற்றி ஒரு கதையும் கதைக்கவில்லை. நடுவில் கிடந்த இறைச்சித் துண்டுகளை ஒவ்வொன்றாக அவர் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தீர்கள். நான் காய்ந்த கையோடு இருந்து, வேறு வழியில்லாமல் அவருடைய முகத்தைப் பார்த்தேன். அத்தனை கிழமை ஏசியும் நான் பார்க்காத முகம். பயந்துபோயிருந்தது.

எல்லாரும் போனபிறகு உங்களோடு சண்டைக்கு வந்தேன். “வெக்கமில்லையா நானா? உங்கட வயித்துல அடிச்சவனுக்கு இறைச்சி ஊட்டுறீங்க.”

“சந்தியில நீங்க அவர நல்லா விரட்டிட்டீங்க தம்பி. விரட்டினா எங்க போவார்? கம்பனிட்டத்தான் போவார். திரும்பி வர அவருக்கு ஒரு பாதை வேணுமே.”

எனக்கு அது கோழைத்தனமாகப் பட்டது. அப்படியே சொல்லியும்விட்டேன். நீங்கள் சிரித்துவிட்டு, மிச்சச் சோற்றை என் பிள்ளைகளுக்குக் கட்டித் தந்தீர்கள்.

விசாரணையன்று தரகர் எழும்பியதும் நான் வாயைத் தீட்டி வைத்திருந்தேன். “நான் முந்திச் சென்னது பொய் சேர்,” என்றார். “அவர் சொகமில்லாம இரிந்த ஒரு போகம்தான் காணி சும்மா கிடந்த. மத்த எல்லாப் போகமும் அந்தத் தோட்டத்துல நான் சோறு திண்டீக்கிறன்.” என் வாய் திறந்தபடியே நின்றுவிட்டது. காணி உங்களிடமே இருந்தது.

அடுத்த நடுகைக்கு நீங்கள் இல்லை. ஜனாஸாவன்று உங்களைக் கிடத்திய சந்தூக்கைச் சுமந்தவர்களில் அவரும் ஒருவர். மற்றவர்கள் தோள் மாற்றக் கேட்டும் அவர் கொடுக்கவில்லை. நான் பாதையோரம் நின்று பார்த்தேன். அந்த நேரத்திலும் எனக்கு அவரில் கோபம்தான்.

இப்போதும் போகவில்லை நானா, உங்களிடம் பொய் சொல்லமாட்டேன். மன்னிக்கச் சொல்லி ஞாயிறுதோறும் கோயிலில் சுவாமி பிரசங்கம் வைக்கிறார். என் மண்டைக்குள் ஏறுவதில்லை. ஆனால் சந்தியில் அந்த மோட்டார் சைக்கிளைக் கண்டால் கையைக் காட்டி நிறுத்துகிறேன். பழைய பழக்கத்தில் அவர் தலை குனிகிறது. “சாப்பிட்டீங்களா?” என்று கேட்கிறேன். குரல் என்னவோ கடுகடுவென்றுதான் வருகிறது. ஆனாலும் அவர் தலை நிமிர்ந்து பதில் சொல்லும்வரை நான் வழிவிடுவதில்லை.