துணிக்குள் இருந்தவள்

பிப்ரவரி 3
அத்தை ஊரிலிருந்து துபாய்க்கு வந்துவிட்டார். பெட்டியில் பருப்புப்பொடி, எங்கள் பிள்ளை வைரவனுக்கு வசம்பு வளையல், சேலை மடிப்புக்குள் ஒரு பழைய போட்டோ. என் கணவன் அன்பரசனின் எள்ளுத் தாத்தா சோலையப்பன், ஒரு வயதுக் குழந்தையாக. அட்டையின் பின்னால் 1889.

"இத சுத்தம் பண்ணி உங்க ஹால்ல மாட்டணும். பின்னால நாற்காலில அந்தக் கறுப்புத் துணி அசிங்கமா இருக்கு, எடுத்துரச் சொல்லு."

சரி என்றேன். அத்தை வந்த முதல் நாளே வாதாட எனக்குத் தெம்பில்லை.

பிப்ரவரி 8
வைரவனின் பாஸ்போர்ட் போட்டோவுக்காகக் கராமாவில் மீரா சாகிப்பின் ஸ்டூடியோவுக்குப் போனோம். அத்தை அவன் கன்னத்தில் வைத்த திருஷ்டிப் பொட்டை அவர் துடைத்ததும் அத்தையின் முகம் சுருங்கியது. வைரவன் தனியாக உட்காரமாட்டான். என்னை உட்காரவைத்து, தலையோடு வெள்ளைத் துணி போர்த்தி, மடியில் அவனை வைத்தார்.

"தங்கச்சி, விரல் தெரியுது, உள்ள இழுத்துக்கங்க."

உள்ளே மூச்சு முட்டியது. வெளியே வந்து கம்ப்யூட்டரில் பார்த்தேன். பக்கத்திலேயே, சுத்தம் பண்ணுவதற்காக அவர் ஸ்கேன் செய்திருந்த சோலையப்பன் படம். துணிதான் கறுப்பு, அதே மாதிரி தோள். நாற்காலிக்கு ஏது தோள்?

"அத்தை, இது நாற்காலி இல்ல. அவரோட அம்மா."

"உளறாத. பொணம் மாதிரி மூடிக்கிட்டு யாரு உக்காருவா?"

இப்போது நான் உட்காரவில்லையா? அந்த அம்மாளுக்கு வேறு படமே கிடையாது. பெயர்கூட அத்தைக்குத் தெரியவில்லை. இருந்தும் படத்தைக் கொடுத்துவிட்டு வந்தோம். ராத்திரி எனக்கு அழுகை வந்தது. யாருக்காக என்று தெரியவில்லை.

பிப்ரவரி 11
அன்பரசன் போன் முழுக்க வைரவன். ஒரே ஒரு படத்தில் நான், அதுவும் முழங்கை மட்டும்.

பிப்ரவரி 15
போட்டோ வாங்கப் போனோம். துணியைக் காணோம். சோலையப்பன் அந்தரத்தில் உட்கார்ந்திருந்தார். அத்தை வெகுநேரம் பார்த்தார்.

"கன்னத்துல பொட்டு இருந்துச்சே, எங்க?"

"கறைன்னு எடுத்துட்டேம்மா."

"கறையா? திருஷ்டிப் பொட்டுய்யா அது. பெத்தவ வச்சு விட்டது."

சொன்ன கையோடு அத்தை பழைய படத்தைக் கேட்டு வாங்கி, அந்தத் துணியின் மேல் விரலை ஓட்டினார். தோள், முழங்கை, பிள்ளையின் இடுப்பைப் பிடித்திருந்த புடைப்பு.

"பாவி மக, எவ்வளவு நேரம் உக்காந்திருந்தாளோ. தம்பி, இருந்தது இருந்தபடியே பெருசா போட்டுக் குடுங்க."

மீரா சாகிப் என்னைப் பார்த்தார். நான் வைரவனின் சட்டையைச் சரிசெய்தேன்.

மார்ச் 6
பாஸ்போர்ட் வந்தது. அன்பரசன் ஆபீஸிலிருந்து வந்ததும் திறந்து பார்த்தான். "பரவால்லையே, தனியா உக்காந்திருக்கான்."

அத்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பிள்ளைக்குப் பக்கத்தில் வெறும் வெள்ளையாக இருந்த இடத்தில் விரலை வைத்தார்.

"தனியாவா? நல்லாப் பாருடா. இந்தா இருக்கா உன் பொண்டாட்டி."