பச்சைப் புட்டியில் திராட்சரசம்

இன்று மத்தியானம் பூந்தமல்லியிலிருந்து வந்த ஜட்காக்காரர் காய்ந்த திராட்சைப் பொட்டலம் ஒன்றை வாசற்படியில் வைத்துவிட்டுப் போனார். கூடவே ஒரு துண்டுக் காகிதம். வருகிற ஞாயிறு திருவிருந்து, வழக்கம் போல ரசம் காய்ச்சி வைக்கவும் என்று எழுதியிருந்தது. எழுதியவர் உங்களோடு செமினரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்; இப்போது இந்தப் பக்கத்துச் சபைகளுக்கெல்லாம் போதகர். போன மாதம் அவ்வளவும் நடந்த பிறகு "வழக்கம் போல" என்று எழுத அவருக்கு எப்படித்தான் கை வந்ததோ.

பொட்டலத்தை நான் பிரிக்கவில்லை. பிரிக்காமலே வாசனை வந்தது. அந்த வாசனை மூக்கில் ஏறினால் எனக்கு முதலில் உங்கள் மேல்தான் கோபம் வருகிறது. நீங்கள் போய் நாலு வருஷம் ஆகிறது. அழுகை எப்போதோ அடங்கிவிட்டது. கோபம் அடங்குவேனா என்கிறது.

செமினரியில் நாம் இருந்த மூன்று வருஷமும் உங்களுக்கு ஒரு படிப்பு, எனக்கு ஒரு படிப்பு. நீங்கள் கிரேக்கு எழுத்துகளை அடுப்பங்கரைச் சுவரில் கரியால் எழுதி மனப்பாடம் செய்தீர்கள். நான் மற்ற மாணவர்களின் மனைவிகளோடு பிரின்ஸ்பால் துரைசானியின் சமையலறையில் நின்றேன். மெதடிஸ்துக்காரர் திருவிருந்தில் புளித்த ரசம் கூடாது. அதனால் திராட்சையை ஊற வைப்பது, புது மண்சட்டியில் காய்ச்சுவது, மல்துணியில் வடிப்பது, வெந்நீரில் போட்டெடுத்த புட்டியில் ஊற்றி அடைப்பது எல்லாவற்றையும் அந்த அம்மாள் கையைப் பிடித்துக் காட்டினார். என் ரசம்தான் நன்றாக வந்தது என்றார். வீட்டுக்கு வந்து சொன்னேன். உனக்குத்தான் முதலில் பட்டம் கிடைக்கப் போகிறது என்று சிரித்தீர்கள்.

குருப்பட்டம் கொடுக்கும் நாளில் போதகராகப் போகிறவரிடம் சபை கேட்கும் கேள்விகளை ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தீர்கள். சாயங்காலத்தில் நான் அரிசி புடைத்துக்கொண்டே ஒவ்வொன்றாகக் கேட்பேன். நீங்கள் எழுந்து நின்று, வேட்டியைச் சரிசெய்துகொண்டு, "செய்வேன்" என்பீர்கள். உட்கார்ந்துகொண்டே சொல்லுங்களேன் என்றால் கேட்கமாட்டீர்கள்.

பிறகு செம்பரம்பாக்கம் ஏரிக்கு இந்தப் பக்கம், இந்த ஊருக்கு நம்மை அனுப்பினார்கள். ஊர்த்தெருவில் மூன்று கிறிஸ்தவக் குடும்பங்கள், சேரியில் நாற்பது. கோயில் இரண்டுக்கும் நடுவில். நாம் சேரியில் பிறந்தவர்கள். வீடும் சேரி முனையில்தான் கொடுத்தார்கள். பிரசங்கம் நீங்கள் செய்யலாம், நோயாளியைப் பார்க்கலாம், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லலாம். திருவிருந்தில் கொடுக்கிற அப்பத்தையும் ரசப் பாத்திரத்தையும் மட்டும் தொடக் கூடாது. அதற்குப் பட்டம் பெற்ற போதகர் மாதம் ஒருமுறை பூந்தமல்லியிலிருந்து வருவார். அந்த ஞாயிறு நீங்கள் ஓரத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பீர்கள்.

ரசம் மிஷன் பங்களாவிலிருந்து வர வேண்டும். வெயிலில் ஜட்காவில் குலுங்கி வந்து இரண்டு முறை பொங்கிக் கெட்டுப் போனது. நீயே காய்ச்சிவிடு என்று பங்களாவிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். காய்ச்சினேன். பங்களாவின் பச்சைப் புட்டியிலேயே ஊற்றி மேஜையில் வைத்தோம். ஊர்த்தெருக்காரர்கள் முதலில் வந்து மண்டியிட்டுக் குடித்தார்கள். யார் காய்ச்சியது என்று யாரும் கேட்கவில்லை, நாமும் சொல்லவில்லை. கேட்காத வரைக்கும் சொல்ல வேண்டாம் என்றவர் நீங்கள்தான்.

பட்டத்துக்கு முன்னான சோதனைக் காலம் முடிந்த வருஷம், போதகர்களும் துரைமாரும் சேர்ந்து முடிவெடுக்கிற சினோடு கூடியது. பட்டத்துக்கு நிற்கிறவரின் பெயரை வாசித்ததும் அவர் எழுந்து வெளியே போய்விட வேண்டும், உள்ளே மற்றவர்கள் அவர் நடத்தையைப் பற்றிப் பேசுவார்கள். அது முறை. உங்கள் பெயரை வாசித்தார்கள், புங்க மரத்தடியில் போய் நின்றீர்கள். உள்ளே ஊர்த்தெரு சாலமோன் பெரியவர் கையெழுத்துப் போட்ட மனு ஒன்று இருந்தது. சேரியிலிருந்து வந்தவர் கையால் பாத்திரம் வாங்கினால் எங்களுக்குப் பெண் கொடுப்பார் இல்லை, நாங்கள் சபையை விட்டுப் போக வேண்டியதுதான் என்று மனுவில் எழுதியிருந்ததாம். உங்களை உள்ளே கூப்பிட்டு முடிவை வாசித்தார்கள். ஊழியத்துக்குத் தகுந்தவர், ஆனாலும் சபையின் சமாதானத்தை முன்னிட்டு ஒரு வருஷம் பொறுக்கட்டும். அடுத்த வருஷமும் அதே வார்த்தைகள். அதற்கடுத்த வருஷமும் அதேதான். ஒரு வார்த்தையாவது மாற்றி எழுதக்கூடச் சோம்பல் அவர்களுக்கு.

நீங்கள் வீட்டுக்கு வந்து கர்த்தருடைய நேரம் என்றீர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அது கர்த்தருடைய நேரமா, சாலமோன் பெரியவருடைய நேரமா?

மூன்றாம் முறை தள்ளிப் போட்டுவிட்டு, அடுத்த மாதத் திருவிருந்துக்கு மிஷனின் தலைவரான பெரிய துரையே வந்தார். புட்டியைக் கையில் எடுத்தேன். இதை அவர் முன்னால் வைத்து, இத்தனை வருஷமாக இவர்கள் யார் அடுப்பில் காய்ச்சியதைக் குடித்தார்கள் என்று கேட்டுவிடுவது என்று கிளம்பினேன். வாசலில் குறுக்கே நின்று என் மணிக்கட்டைப் பிடித்தீர்கள். கல்யாணமாகி அதுவரை நீங்கள் என்னை அதட்டியதில்லை.

"நீ கம்முனு இரு கிருபை. சொன்னியானா மூணு ஊடும் சபைய உட்டுப் பூடும். அந்தப் பழி எனக்கு வோணாம்."

"போனா போவட்டும். உங்களுக்கு இன்னா கொறை?"

"என்னால ஒருத்தரும் போவக் கூடாது," என்றீர்கள். சேரியில் நாற்பது குடும்பம் உங்களைப் பார்த்துக்கொண்டிருந்ததே, அது உங்கள் கணக்கில் வரவில்லை. நான் புட்டியைக் கொண்டுபோய் மேஜையில் வைத்துவிட்டுப் பேசாமல் உட்கார்ந்தேன். அதற்காக என்னையும் மன்னிக்கப் போவதில்லை.

அந்த ஐப்பசியில் உங்களுக்கு விஷ ஜுரம் கண்டது. ஏரி நிரம்பிக் கலங்கல் வழியாக வழிந்து, பாதையெல்லாம் தண்ணீர். பன்னிரண்டாம் நாள் காலையில் திருவிருந்து வேண்டும் என்று கேட்டீர்கள். பூந்தமல்லிக்கு ஆள் அனுப்பினோம். நான் ரசம் காய்ச்சி வைத்தேன். மத்தியானம் ஆயிற்று, வண்டி வரவில்லை. உங்கள் உதடு வெடித்திருந்தது. ஒரு கரண்டி எடுத்து உதட்டருகே கொண்டுவந்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள்.

"ஐயா வரட்டும். நாம குடுக்கறது முறை இல்ல."

போதகர் மறுநாள் வந்தார், அடக்கத்துக்கு. மூன்று வருஷம் படிக்க வைத்து, ஆறு வருஷம் உழைக்க வைத்து, கடைசியில் உங்களுக்கே ஒரு வாய் கொடுக்க உங்களுக்கு உரிமை இல்லை என்று ஆக்கியவர்கள் மேல் எனக்குள்ள கோபம் ஒரு பக்கம் இருக்கட்டும். அவர்கள் வராத நேரத்திலும் அவர்கள் முறையைக் காப்பாற்றிய உங்களை என்ன சொல்வது? அந்தக் கரண்டி ரசத்தை நான் கீழே ஊற்ற வேண்டியிருந்தது. கட்டிய மனைவிக்குக் கொடுக்கிற மரியாதையா அது?

அதற்குப் பிறகும் நான்தான் காய்ச்சினேன். பள்ளிக்கூடத்தில் வாத்தியாரம்மா வேலை கொடுத்தார்கள், இந்த வீட்டிலேயே இருக்கவும் விட்டார்கள். மாதம் தவறாமல் பொட்டலம் வந்தது. வாயை மூடிக்கொண்டு காய்ச்சினேன்.

போன மாதம் முடியவில்லை. புது ஓலை வேய்ந்த கோயிலில் முதல் திருவிருந்து. உங்கள் சிநேகிதரான போதகர் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு முதலில் சாலமோன் பெரியவரிடம் போனார். அவருக்கு இப்போது கை நடுக்கம், பக்கத்தில் ஒருவர் பிடித்து மண்டியிட வைக்கிறார். நான் பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்தேன்.

"பெரியவரே, பத்து வருஷமா நீங்க குடிக்கிறது பங்களாவுலேர்ந்து வர்ல. சேரி ஊட்டு அடுப்புல நான் காய்ச்சினது."

போதகர் என்னை உட்காரும்படி கண்ணால் காட்டினார். பெரியவர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். கோபமாகக்கூட இல்லை.

"தெரியும்மா. அந்த வாசனை எங்க தெரு வரிக்கும் வருதே. காய்ச்சறது வேற, தூக்கிக் குடுக்கறது வேற."

சொல்லிவிட்டு வாயைத் திறந்து குடித்தார். மேல்துண்டால் துடைத்துக்கொண்டார்.

கேட்டீர்களா? தெரியுமாம். தீட்டு என்று ஒன்று அவர்களுக்கு இருந்ததே இல்லை. நாம் காய்ச்சலாம், கழுவலாம், பெருக்கலாம், பிரசங்கம்கூடப் பண்ணலாம். நீங்கள் நிற்க, உங்கள் முன்னால் அவர் மண்டியிட வேண்டிவரும், அதுதான் அவருக்கு ஆகவில்லை. ஊருக்கே தெரிந்த ஒன்றை மறைக்கவா என் கையைப் பிடித்தீர்கள்? அதற்காகவா ஒரு வாய் ரசம் இல்லாமல் போனீர்கள்? வீட்டுக்கு வந்து உங்கள் நோட்டைச் சுவரில் வீசி அடித்தேன். பிறகு பொறுக்கி எடுத்து, கிழிந்த பக்கத்தைச் சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டினேன்.

இன்று ஜட்காக்காரர் திரும்பி வரும் வரைக்கும் வாசலிலேயே காத்திருந்தேன். பொட்டலத்தை அவர் கையில் கொடுத்து, பச்சைப் புட்டியையும் கொடுத்து, சாலமோன் பெரியவர் வீட்டில் சேர்க்கச் சொன்னேன். காய்ச்சுகிற பக்குவம் தெரியாவிட்டால் அந்த வீட்டுப் பெண்கள் இங்கே வந்து கேட்கட்டும், ஒளிக்காமல் சொல்லித் தருவேன் என்றும் சொல்லி அனுப்பினேன். வேலை போகலாம், வீட்டையும் காலி செய்யச் சொல்லலாம். சொல்லட்டும். மண்சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டேன்.

உங்களிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் கேள்விகள்தான். இன்றைக்கும் அரிசி புடைக்கும்போது தானாக வாயில் வருகின்றன. இந்த ஜனங்களை விட்டு ஓடாமல் இருப்பாயா? எளியவன் பக்கம் நிற்பாயா? ஒவ்வொன்றையும் கேட்டுவிட்டு, நீங்கள் எழுந்து வேட்டியைச் சரிசெய்கிற நேரத்துக்குக் கொஞ்சம் நிறுத்துவேன். நாலு வருஷமாக அப்படித்தான் நிறுத்திக்கொண்டிருந்தேன். இன்று சாயங்காலம் முறத்தைக் கீழே வைத்துவிட்டு நானே எழுந்து நின்று, செய்வேன் என்றேன்.