ஒரே கலரில் இரண்டு சேலை

அக்கா,

போன வாரம் பெரம்பலூரில் சேலை எடுக்கப் போன இடத்தில் வாய் தவறிவிட்டது. கரும்பச்சையில் பொடிப்பூப் போட்ட வாயில் சேலை, மெல்லிசுக் கரை. கையில் எடுத்ததுமே நம் உடம்புக்கு இதுதான் என்று தெரிந்துவிட்டது. "இதுல ரெண்டு குடும்மா" என்றேன். கடையில் நின்ற பெண், "ஒரே கலர்லயேவா? வேற கலரும் இருக்கு, பாருங்கம்மா" என்றாள். அப்போதுதான் உறைத்தது. "ஒண்ணு போதும்" என்றேன். அவளுக்கென்ன தெரியும், பாவம். இன்னொன்றை மடித்து மேல் தட்டில் வைத்துவிட்டாள். அதைப் பார்த்ததும் ஒரு அலுப்பு வந்தது பாருங்கள், வீட்டுக்கு வந்து படுத்தும் போகவில்லை.

அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு செந்துறையில் ஒரே வீட்டுக்கு வந்தவர்கள் நாம். நீங்கள் மூத்த மருமகள், நான் இளையவள். ஒரு வயிற்றில் பிறக்கவில்லையே தவிர நமக்கு ஒரே உடம்பு. தோள் ஒடுக்கம், நெஞ்சு சிறுசு, இடுப்புக்குக் கீழே மட்டும் யாரோ கூடுதலாக மண்ணை அப்பிவிட்ட மாதிரி. இப்போது என் பேத்தி இதைப் பேரிக்காய் உடம்பு என்கிறாள். இதற்கு என்ன உடுத்தினால் எடுப்பாக இருக்கும் என்று போனில் யாரோ சொல்லித் தருகிறார்களாம். நமக்கு அந்தக் காலத்தில் பேரிக்காய் ஏது? சுரைக்காய் என்றுதான் சொன்னார்கள்.

ஆனால் அத்தை நம் இருவரையும் பிடித்துப்போய்ப் பேசி முடித்ததே அந்த இடுப்பைப் பார்த்துத்தான். "நல்ல அகலம். வூடு நெறைஞ்சிரும்" என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள்.

மாமா ஒவ்வொரு தீபாவளிக்கும் பஸ் ஏறி அரியலூர் போய், நம் இருவருக்கும் ஒரே கலரில், ஒரே டிசைனில் சேலை எடுத்து வருவார். ஒசத்தி, மட்டம் என்று வீட்டில் பேச்சு வரக்கூடாதாம். நல்ல மனுஷன்தான். ஆனால் அவர் கண்ணுக்குத் தாம்பாளம் தாம்பாளமாகப் பூப் போட்ட நைலக்ஸ் சேலைதான் படும். முதல் வருஷம் அதைக் கட்டிக்கொண்டு இரண்டு பேரும் கண்ணாடி முன்னால் நின்றோம். ஒரு பூ சரியாக இடுப்பின் வலப்பக்கம், இன்னொன்று இடப்பக்கம். "எழுதி ஒட்டுன மாதிரி இருக்குடி" என்றீர்கள். சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறிவிட்டது.

அன்றைக்குத்தான் நம் ஆராய்ச்சி ஆரம்பித்தது. அடுத்த தீபாவளிக்கு மாமாவை நைசாகப் பேசி நாமே கூடப் போனோம். நைலக்ஸ் உடம்போடு ஒட்டும், வேண்டாம். கஞ்சி முறுக்கிய கைத்தறி விறைத்து நிற்கும், இன்னும் இரண்டு சுற்று பெருக்கவைக்கும், அதுவும் வேண்டாம். நாலு துவைப்பு கண்ட வாயில்தான் சரி. கீழே அழுத்தமான கலர், பொடிப்பூ, மெல்லிசுக் கரை. கொசுவத்தைச் சின்னச் சின்னதாக வைத்து அழுத்தி நீவிவிட வேண்டும். உள்பாவாடையைச் சுருக்கம் வைக்காமல் பீஸ் பீஸாக வெட்டித் தைக்கச் சொன்னது நீங்கள். ஜாக்கெட்டை வெளிர் கலரில் பஃப் கை வைத்துத் தைத்தால் தோள் அகலமாகத் தெரியும் என்று கண்டுபிடித்தது நான். அதை மறந்துவிடாதீர்கள், அந்தப் பெருமை எனக்குத்தான்.

சடையை மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்றேன். இடுப்பு வரைக்கும் தொங்கும், எனக்கு அதில் ஒரு கர்வம். "சடை முடியிற எடத்துலதான்டி பாக்குறவங்க கண்ணு நிக்கும். தூக்கிக் கொண்டையாப் போடு" என்றீர்கள். நான் கேட்கவில்லை. முந்தானையிலும் அப்படித்தான். நீங்கள் முழங்காலுக்குக் கீழே தழையத் தழைய விட்டுப் பின்பக்கத்தை மறைத்துக்கொள்வீர்கள். எனக்கு மாட்டுக்கொட்டகை, அடுப்பங்கரை, இடுப்பில் ஒரு பிள்ளை. இழுத்துச் செருகினால்தான் வேலை ஓடும். "மகாராணி எங்க கெளம்பிட்டீங்க?" என்று உங்களைக் கிண்டல் செய்வேன். நீங்களும் சிரிப்பீர்கள்.

எனக்கு அடுத்தடுத்து மூன்று பிள்ளைகள். உங்களுக்கு ஒன்றும் தங்கவில்லை. அதற்குப் பிறகு அத்தை அகலத்தைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டார்கள். மற்றவர்கள் நிறுத்தவில்லை என்பது மட்டும் எனக்குத் தெரியாது.

ஒரு புரட்டாசி சனிக்கிழமை கல்லங்குறிச்சிப் பெருமாள் கோயிலுக்குப் போனோம். மாமா எடுத்த ஊதாச் சேலைதான் இருவருக்கும். வெயிலுக்குப் பயந்து அன்றைக்கு நானும் கொண்டை போட்டிருந்தேன். பிள்ளையைத் தூக்குகிற வேலை இல்லாததால் முந்தானையையும் செருகாமல் தொங்கவிட்டிருந்தேன். சின்னவர்களை அத்தை வைத்துக்கொண்டார்கள், மூத்தவனைப் பொரி வாங்க நீங்கள் கூட்டிப்போனீர்கள். நான் வரிசையில் வெறுங்கையோடு நின்றேன். பின்னாலிருந்து என் இடுப்பில் ஒரு கை தட்டியது.

"ஏண்டி பெரியவளே, இத்தாம்பெரிய இடுப்ப வச்சிக்கிட்டு என்னத்தக் கண்ட? ஒரு புள்ளைக்கு வழியக் காணோம். இதுல மூடி மூடி வேற வச்சிக்கிற!"

திரும்பினேன். அத்தையின் ஒன்றுவிட்ட தங்கச்சி. என் முகத்தைப் பார்த்ததும் அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அட, நீயா சின்னவளே! பெரியவள்னு நெனச்சில்ல சொல்லிப்புட்டேன். நீ ஒண்ணும் மனசுல வச்சிக்காத தாயி."

ஆள் மாறிப்போனது மட்டும்தான் தப்பாம்! எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "பெரியவளா இருந்தா மட்டும் சொல்லலாமாங்க? மூணு பெத்து நான் என்னத்தக் கண்டேன், மொதல்ல கைய எடுங்க" என்றேன். வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இருந்தேன்.

திரும்பும்போது பஸ்ஸில் மூத்தவன் உங்கள் மடியில் தூங்கிவிட்டான். நான் மெதுவாகக் கேட்டேன்: "இதுக்குத்தான் முந்தானையை அவ்ளோ நீளமா வுடுறீங்களாக்கா?"

நீங்கள் சன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னீர்கள். "நேர்ல வந்து யாரும் சொல்றதில்லடி. எல்லாம் பின்னாடி நின்னுதான். இடுப்பு கண்ணுல படலன்னா வேற பேச்சு பேசுவாங்கன்னு பாத்தேன். கேட்டுக் கேட்டு அலுத்துப்போச்சு."

அவ்வளவுதான். நீங்கள் அழவில்லை. எனக்குத்தான் செந்துறை வரும்வரை அழுகை.

மறுநாளிலிருந்து நானும் கொண்டைதான். முந்தானையும் உங்கள் அளவுக்கு. வேலைக்கு இடைஞ்சலாகத்தான் இருந்தது, சாணித் தண்ணியில் தோய்ந்தது, ஒருநாள் அடுப்பில் நுனி கருகியும்போனது. போகட்டும் என்று விட்டேன். நாமே காசு போட்டு எடுக்கும் சேலையையும் இரண்டாகவே எடுத்தேன். கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு, எங்கே போனாலும் பின்னாலிருந்து பார்த்தால் பெரியவள் யார், சின்னவள் யார் என்று ஒருத்தருக்கும் பிடிபடாது. பேச வருகிறவர்கள் சுற்றிக்கொண்டு முன்னால் வந்து முகம் பார்க்க வேண்டியிருந்தது. உங்கள் முகத்தை நேராகப் பார்த்துவிட்டு அந்தப் பேச்சை எடுக்கப் பாதிப் பேருக்கு வாய் வரவில்லை. வந்தவர்களும் இருந்தார்கள், இல்லை என்று சொல்லவில்லை.

என் வீட்டுக்காரர் ஒருநாள் சிமெண்டு ஆலை ஷிப்டு முடிந்து வந்து, "ஏய், தண்ணி கொண்டா" என்று உங்கள் முதுகைப் பார்த்து அதட்டிவிட்டுப் பட்ட பாடு! இரண்டு நாள் உங்கள் கண்ணில் படாமல் கொல்லைப்பக்கமாகவே வந்துபோனார். மாமாவுக்குத்தான் சந்தோஷம் தாங்கவில்லை. மருமகள்கள் இப்படி ஒற்றுமையாக இருப்பது, தாம் சேலை எடுக்கும் சாமர்த்தியத்தால்தான் என்று கடைசிவரை நம்பிக்கொண்டிருந்தார். நாமும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

நீங்கள் ஏன் நான் மாறினேன் என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. கோயிலுக்குக் கிளம்பும்போது என் பின்னால் வந்து முந்தானையை இழுத்து உங்கள் நீளத்துக்குச் சரி பார்த்துவிட்டுப் போவீர்கள், அவ்வளவுதான்.

உங்களைக் கடைசியாகக் குளிப்பாட்டிக் கோடிச் சேலை சுற்றியபோது பொம்பளைகள் முந்தானையைக் கொண்டுவந்து இடுப்பில் செருகப் போனார்கள். நான் அவர்கள் கையைத் தட்டிவிட்டேன். தழைய இழுத்துவிட்டேன், அக்கா. அதுவரைக்கும் என்னால் முடிந்தது.

இப்போது எனக்கு முட்டி வலி. கொசுவம் வைக்கக் குனிந்தால் நிமிர நேரமாகிறது. நைட்டியிலேயே இருங்களேன் என்கிறாள் மருமகள். நல்ல பெண்தான், நம் கதை அவளுக்குத் தெரியாது. நேற்று அரியலூரில் ஒரு கல்யாணம். அந்தக் கரும்பச்சைச் சேலையை ஒரு மணி நேரம் போராடிக் கட்டிக்கொண்டு போனேன். தலையில் இருக்கிற நாலு முடியையும் கொண்டையாகத்தான் போட்டேன். கை கழுவப் போகிற வழியில் தூணைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க நின்றேன்.

"பெரியம்மா, சாப்பாட்டுக்கு எடம் போட்டிருக்கேன், வாங்க."

பின்னால் என் மூத்தவன். அவனுக்கும் தலை நரைத்துவிட்டது. பெற்றவளை எப்படிக் கூப்பிட்டோம் என்று சொன்னபிறகு அவனுக்கே தெரிந்திருக்க வேண்டும், காலடி அங்கேயே நின்றுவிட்டது.

"வரேன்டா, நீ போ" என்றேன். திரும்பி முகத்தைக் காட்டவில்லை. அவன் போகிற வரைக்கும் நீங்கள் அங்கே இருக்கட்டும் என்று அப்படியே நின்றேன்.