பங்களாவில் போட்ட சாப்பாடு

என் பிரியத்துக்குரிய அப்பாவுக்கு,

எழுபத்தேழில் உங்கள் லாரி ஏற்காட்டு மலைப்பாதையில் உருண்டு நீங்கள் எங்களை விட்டுப் போனதிலிருந்து அம்மா அந்த மலையின் பெயரையே சொல்வதில்லை. போன மாதம் நாங்கள் அங்கே விருந்துக்குப் போய்வந்தோம் என்றால் நம்புவீர்களா?

நீங்கள் லாரி ஓட்டிய காப்பி எஸ்டேட்டிலிருந்து கடிதம் வந்தது. தோட்டத்தை விற்கப் போகிறார்களாம். அதற்கு முன் பழைய தொழிலாளர் குடும்பங்களைக் கூப்பிட்டுச் சாப்பாடு போடுகிறார்களாம். எட்டு வருஷமாக எட்டிப் பார்க்காதவர்களுக்கு இப்போது என்ன பாசம்? நான் பத்திரம் எழுதுபவரிடம் டைப் அடிக்கிறேன் அப்பா. ‘அன்புடையீர்’ என்று தொடங்கும் காகிதத்தை இரண்டு தரம் படிப்பது பழக்கமாகிவிட்டது. போக வேண்டாம் என்றேன். நீங்கள் வேலை செய்த இடத்தை ஒரு தரம் பார்க்க வேண்டும் என்றாள் அம்மா. நம் ஊர் அடி அண்ணாமலையிலிருந்து மூன்று பஸ் மாறிப் போனோம்.

வெள்ளைக்காரன் கட்டிய அந்தப் பங்களாவுக்குள் நீங்கள் ஒரு நாளாவது போயிருக்கிறீர்களா? இருபது பேர் உட்காரும் மேசை. வந்திருந்தது நாங்கள் இரண்டே பேர். வேறு குடும்பம் எதையும் காணோம். முதலாளியே அம்மாவுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். நெய்ச்சோறு, கோழிக்குழம்பு. அம்மா இலையில் கை வைக்கவில்லை.

பாயசத்தோடு காகிதமும் வந்தது.

“சும்மா ஒரு ஃபார்மாலிட்டிம்மா. வாங்கறவங்க கேக்கறாங்க” என்றார் முதலாளி.

நான்காவது வரியை உரக்கப் படித்தேன். ஓட்டுநர் குடிபோதையில் இருந்ததால் நேர்ந்த விபத்து என்பதைக் குடும்பத்தார் ஒப்புக்கொள்கிறோம்.

பரிமாறிக்கொண்டிருந்த வயதான சமையல்காரர் கரண்டியைக் கீழே வைத்தார். “அவரு குடிக்கவே மாட்டாருங்க. பிரேக்கு புடிக்கலனு அன்னிக்குக் காலையில உங்ககிட்டதான் சொன்னாரு. நான் பக்கத்துலதான் நின்னேன்.”

முதலாளி ஜன்னல் பக்கம் பார்த்தார். அம்மா எழுந்துபோய், “கொஞ்சம் மோர் இருந்தா குடுங்கண்ணா” என்று சமையல்காரரிடம் வாங்கிக் குடித்தாள். அந்த வீட்டில் அவள் வாயில் பட்டது அது ஒன்றுதான்.

கையெழுத்துப் போடாமல் திரும்பிவிட்டோம். அந்தச் சமையல்காரருக்கு அங்கே இன்னும் வேலை இருக்கிறதா, தெரியவில்லை.

நேற்று வேறு காகிதம் வந்தது. இப்போது நான்காவது வரி, ஓட்டுநர் மது அருந்தியிருந்ததற்குச் சான்று இல்லை என்கிறது. “இது போதுமே, போட்டுடலாமா?” என்று கேட்கிறாள் அம்மா. குடிகாரன் பெண்டாட்டி என்ற பேச்சைக் கேட்டுக்கொண்டே எட்டு வருஷம் கடைத்தெருவில் நடந்தவள், பாவம். ஆனால் சான்று இல்லை என்பதும் நீங்கள் குடிக்கவில்லை என்பதும் ஒன்றா? பிரேக்கைப் பற்றி ஏன் ஒரு சொல்கூட இல்லை?

இன்று காலை அதைத் திருப்பி அனுப்பிவிட்டேன். பிரேக் பழுதென்று நீங்கள் சொன்னீர்கள், சொன்ன பிறகும் வண்டியை எடுக்கச் சொன்னோம் என்று அவர்களே எழுதித் தரும்வரை நானும் கையெழுத்துப் போடமாட்டேன், அம்மாவையும் போட விடமாட்டேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உங்கள் மூத்த மகள்,
கற்பகம்